நகர மையத்தில் 30 மாடி அலுவலகக் கோபுரம்: மின்சாரம் நிஜமாக எங்கே மிச்சமாகும்?

மேல்தளம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் கட்டடத் துறை ஆள் இல்லை, நிதிப் பிரிவு. எங்கள் நிறுவனம் நகர மையத்தில் 30 மாடி அலுவலகக் கோபுரம் கட்டப் போகிறது. மாடிக்குச் சுமார் 1,500 சதுர மீட்டர். கீழ்ப்பாதி எங்களுக்கு, மேல்பாதி வாடகைக்கு. நான்கு பக்கமும் முழுக் கண்ணாடி, உச்சியில் காற்றாலைகள், மொட்டை மாடியில் சூரியத் தகடுகள், கூடவே ஒரு "பிளாட்டினம்" பசுமைக் கட்டடச் சான்றிதழ் என்று வடிவமைப்புக் குழு அழகழகான படங்களோடு வந்து விளக்கிவிட்டுப் போனது. கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: இதில் எது மீட்டரைக் குறைக்கும், எது படத்துக்கு மட்டும்? எல்லாவற்றுக்கும் பணம் கிடையாது. எதை வெட்டலாம்?

குளிர்நீர்க்குழாய்

சார், முதல் வெட்டு காற்றாலைக்கு. யோசிக்கவே வேண்டாம்.

பஹ்ரைன் உலக வர்த்தக மையத்தைப் பாருங்கள். 2008இல் முடிந்தது. இரண்டு கோபுரங்களைப் பாய்மரம் போல வளைத்து, கடற்காற்று நடுவில் குவிந்து பாயும்படி செய்து, இடையே பாலம் போட்டு மூன்று காற்றாலைகளை மாட்டினார்கள். ஒவ்வொன்றும் 29 மீட்டர் விட்டம், 225 கிலோவாட். கட்டடத்தின் உருவத்தையே காற்றுக்காக வளைத்தும் அவர்கள் எதிர்பார்த்தது மொத்தத் தேவையில் 11 முதல் 15 சதவீதம்தான். உங்களுடையதில் கட்டடம் ஒரு பக்கம், அதன் தலையில் மூன்று விசிறி. நகர மையத்தில் காற்று நேராக வராது, பக்கத்துக் கட்டடங்களில் மோதிச் சுழன்று சுழன்று வரும். அதிர்வும் சத்தமும் நேரே மேல்மாடிக்கு இறங்கும். உங்கள் அதிக வாடகை மாடிகள் அங்கேதான் இருக்கின்றன.

சூரியத் தகடு கெட்ட விஷயமில்லை, ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொட்டை மாடி 1,500 சதுர மீட்டர். கூலிங் டவர் (ஏ.சி.யின் வெப்பத்தை வெளியே விடும் அமைப்பு), லிஃப்ட் இயந்திர அறை, தண்ணீர்த் தொட்டி, நடைபாதை போக பாதி மிஞ்சினால் அதிர்ஷ்டம். 750 சதுர மீட்டரில் சுமார் 150 கிலோவாட் வைக்கலாம். நல்ல வெயில் ஊரில் வருடத்துக்கு இரண்டு லட்சம் யூனிட்டை ஒட்டி வரும். மொத்தத் தளப்பரப்பு 45,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு வருடம் 150 யூனிட் என்று வைத்தாலும் செலவு 67 லட்சம் யூனிட். ஆக 3 சதவீதம். வைக்கலாம், தப்பில்லை. அதை வைத்துக்கொண்டு "தன் மின்சாரத்தைத் தானே தயாரிக்கும் கோபுரம்" என்று விளம்பரப் பலகை மட்டும் வைக்காதீர்கள்.

கட்டடவியல்_மாணவி

சியாட்டிலின் புல்லிட் சென்டர் அலுவலகக் கட்டடம் தன் தேவை முழுவதையும் கூரையிலேயே எடுத்துக்கொள்கிறதே?

குளிர்நீர்க்குழாய்

நல்ல கேள்வி மா. அது ஆறு மாடி. 2013இல் திறந்தது, கூரையில் 242 கிலோவாட். அதற்கே கூரையைச் சுவருக்கு வெளியே குடை மாதிரி நீட்டியிருக்கிறார்கள். மாடி கூடக் கூடச் செலவு கூடும், கூரை கூடாது. ஆம்ஸ்டர்டாமின் தி எட்ஜ் அலுவலகக் கட்டடம் அவ்வளவு உயரமில்லை, அதற்கே சொந்தக் கூரையும் தெற்குச் சுவரும் போதாமல் பக்கத்துப் பல்கலைக்கழகக் கூரைகளில் தகடு வைத்தார்கள். 30 மாடிக்கு வழி ஒன்றுதான், செலவைக் குறைப்பது.

வரைபலகை

கட்டடக் கலைஞர்களைத் திட்டும் இழை இது என்று தெரிந்தேதான் வருகிறேன்.

காற்றாலை விஷயத்தில் சண்டைக்கு வரமாட்டேன். கண்ணாடியைப் பற்றிப் பேசுவோம். முழுக் கண்ணாடி எங்கள் ஆசை மட்டுமில்லை. வாடகைக்கு வருகிறவர் முதலில் பார்ப்பது வெளிக்காட்சியை, இரண்டாவது வெளிச்சத்தை. கண்ணாடியைக் குறைத்தால் வாடகை குறையும் என்று உங்கள் விற்பனைப் பிரிவே சொல்லும். நல்ல லோ-ஈ பூச்சு (வெப்பத்தைத் திருப்பிவிடும் மெல்லிய படலம்), இரட்டைக் கண்ணாடி, நடுவில் ஆர்கான் வாயு. இதைப் போட்டால் பழைய ஒற்றைக் கண்ணாடிக் காலத்துப் பயம் தேவையில்லை.

முகப்புப்பணி

வரைபலகை சார், கண்ணாடி விற்கும் தரப்பில் இருப்பவன் நான், நானே சொல்கிறேன். ஒற்றைக் கண்ணாடியின் யூ-மதிப்பு (வெப்பத்தை எவ்வளவு கடத்துகிறது என்பது, குறைந்தால் நல்லது) 5.7 வாக்கில். சாதாரண இரட்டை 2.8. நீங்கள் சொல்வது 1.1 முதல் 1.4. ஆனால் அது கண்ணாடியின் நடுப்பகுதிக்கு மட்டும். அலுமினியச் சட்டத்தையும் சேர்த்தால் 1.6, 1.8 என்று ஏறிவிடும். காப்பிட்ட சுவர் 0.3. ஆக 40 சதவீதம் கண்ணாடி, 60 சதவீதம் காப்பிட்ட பகுதி என்றால் சராசரி 0.82. முழுக் கண்ணாடியில் இது 1.6. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அந்த 0.3 காகிதத்தில் வருவது. திரைச்சுவரில் (சட்டத்தில் தொங்கும் கண்ணாடி வெளிச்சுவர்) ஸ்பாண்ட்ரல் பகுதிக்கு, அதாவது வெளியே பார்க்க முடியாத பகுதிக்குப் பின்னால் எவ்வளவு கம்பளி அடைத்தாலும் சட்டம் வழியாக வெப்பம் பாய்ந்துகொண்டேதான் இருக்கும். தெர்மல் பிரேக் (உலோகத்தின் நடுவே வெப்பம் கடத்தாத பொருள்) உள்ள சட்டத்தை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். "அதற்குச் சமமானது" என்ற சொல்லை அடித்துவிடுங்கள். அந்த ஓட்டை வழியாகத்தான் மலிவுச் சட்டம் உள்ளே வரும்.

வெயில் நாடு என்றால் யூ-மதிப்பைவிட எஸ்.எச்.ஜி.சி. முக்கியம், அதாவது கண்ணாடியில் விழும் வெயில் வெப்பத்தில் எத்தனை பங்கு உள்ளே வருகிறது என்பது. குளிர் நாடு என்றால் கதை வேறு.

மேல்தளம் சாருக்கு ஒரே ஒரு வெட்டு சொல்கிறேன், வெளிக்காட்சி போகாது, வெளிச்சமும் போகாது. தரையிலிருந்து மேசை மட்டம் வரையுள்ள கண்ணாடியை எடுத்துவிடுங்கள். அந்த முக்கால் மீட்டரால் எந்த மேசைக்கும் வெளிச்சம் வருவதில்லை. மேசைக்கு அடியில் கிடக்கும் ஒயரையும் காலணியையும் தெருவுக்குக் காட்டத்தான் உதவும்.

வரைபலகை

அந்த முக்கால் மீட்டரை நான் கொடுத்துவிடுகிறேன். 😊 பதிலுக்கு வெளிப்புற நிழல்தட்டு கேட்பேன், வெட்டக் கூடாது. உள்ளே தொங்கும் திரை வெயிலை மறைக்கும், ஆனால் வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது.

மாடியின் அகலத்தையும் யாராவது கவனியுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு உயரத்தைப் போல சுமார் இரண்டு மடங்கு ஆழம் வரைதான் பகல் வெளிச்சம் பயனாகும். மூன்று மீட்டர் உயரமென்றால் ஆறு மீட்டர். அதற்கு உள்ளே இருப்பவருக்குக் கண்ணாடி எவ்வளவு இருந்தும் விளக்குதான். பிராங்க்பர்ட்டின் கொமெர்ஸ்பேங்க் கோபுரம் (1997, நார்மன் ஃபாஸ்டரின் நிறுவனம்) முக்கோண வடிவில் இருப்பதும், நடுவே வெற்றிடமும் சுற்றி மாறி மாறித் தோட்டங்களும் வைத்ததும் இதற்காகத்தான். 56 மாடி, ஜன்னலைத் திறக்கலாம்! உச்சி விசிறியில் போடும் பணத்தை மாடியின் வடிவத்தில் போட்டிருக்கிறார்கள்.

இரவுப்பணி

பல அலுவலகக் கட்டடங்களில் பராமரிப்புப் பொறுப்பில் இருந்தவன். மேலே எல்லாரும் பேசியது பகலைப் பற்றி. நான் இரவைப் பற்றிக் கேட்கிறேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஆட்கள் இருப்பது ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி என்றால் 50. மிச்சம் 118 மணி நேரம் கட்டடம் காலி. அந்தக் காலி நேரத்தில் பகல் சுமையில் 40 சதவீதம் ஓடுகிறது என்று வையுங்கள், கணக்குப் போடுங்கள்: பகல் பங்கு 50, இரவு-விடுமுறைப் பங்கு 47. ஆளே இல்லாத நேரத்துக்குப் பாதிக் கட்டணம்!

மேல்தளம் சார், இப்போது நீங்கள் இருக்கும் கட்டடத்தின் அரைமணி மின்பதிவை மின் வாரியத்திடமோ மீட்டரிலிருந்தோ எடுத்து, ஞாயிறு அதிகாலை மூன்று மணிக்கு என்ன சுமை என்று பார்த்துச் சொல்லுங்கள். புதுக் கோபுரத்தின் கதை அங்கேயே தெரிந்துவிடும்.

வீட்டுவேலையே_விடுதலை

எல்லாரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யவிட்டால் கோபுரமே வேண்டாமே! பூஜ்ஜிய யூனிட்!

நெறியாளர்

அந்த விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது. அங்கே தொடரவும்.

இரவுப்பணி

நெறியாளர் மன்னிக்கவும், அவர் விளையாட்டாகச் சொன்னாலும் உள்ளே விஷயம் இருக்கிறது. இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை பாதி மேசை காலி. ஆனால் ஏ.எச்.யு., அதாவது காற்றைக் குளிர்வித்துத் தள்ளும் இயந்திரம், முழு மாடிக்கும் ஓடுகிறது, புதுக்காற்று முழு ஆள்கணக்குக்கு இழுக்கப்படுகிறது. ஒரு மாடியை அப்படியே மூட வசதி வேண்டும். தி எட்ஜில் அதைத்தான் செய்கிறார்கள்: சுமார் 28,000 உணரிகள், யாருக்கும் நிரந்தர மேசை கிடையாது, கூட்டம் குறைந்த நாளில் சில பகுதிகளை மூடிவிடுவார்கள். 28,000 எல்லாம் உங்களுக்கு வேண்டாம். ஆள் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் கரியமில வாயு உணரி, மாடிக்குப் பகுதி பகுதியாக டேம்பர் (காற்றுக்குழாயை மூடித் திறக்கும் தட்டு), அதை யாராவது பார்த்துக்கொண்டிருக்கும் பி.எம்.எஸ். (கட்டட இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) போதும். "யாராவது பார்த்துக்கொண்டிருக்கும்" என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். பி.எம்.எஸ். திரை தூசி படிந்து, எல்லா ஏ.எச்.யு.வும் "மேனுவல்" நிலையில் நிற்கும் கட்டடங்களை நிறையப் பார்த்தாயிற்று.

மேல்தளம்

பதிவை எடுத்துப் பார்த்தேன். ஞாயிறு அதிகாலைச் சுமை, வேலைநாள் உச்சத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு. சர்வர் அறை சிறியது. வேறு என்ன ஓடுகிறது?

இரவுப்பணி

கழிப்பறை எக்ஸாஸ்ட், வாகன நிறுத்தத் தள விசிறி, படிக்கட்டு விளக்கு, அணைக்காத திரைகள், தண்ணீர் பம்ப். கூடவே அநேகமாக ஒரு சில்லர் (ஏ.சி.க்குக் குளிர்நீர் தயாரிக்கும் பெரிய இயந்திரம்), ஒரே ஒரு சர்வர் அறைக்காக. அதுதான் பெரிய கொள்ளை. 500 டன் (டன் என்பது இங்கே குளிர்விக்கும் திறனின் அளவு) சில்லரை 20 டன் சுமைக்கு ஓட்டினால் அது தத்தளித்துக்கொண்டே ஓடும். புதுக் கோபுரத்தில் சர்வர் அறைக்கும் பாதுகாப்பு அறைக்கும் சின்னதாகத் தனி யூனிட் கொடுத்து, பெரிய குளிர்விப்பு ஆலையை இரவில் முழுக்க நிறுத்துங்கள்.

குளிர்நீர்க்குழாய்

இரவுப்பணி அண்ணன் சொன்னதோடு சேர்த்து: சில்லரின் அளவு. உங்கள் ஆலோசகர் சதுர மீட்டருக்கு எத்தனை வாட் கருவிச் சுமை (பிளக்கில் செருகும் கணினி, திரை போன்றவை) என்று வைத்திருக்கிறார், கேளுங்கள். 40, 50 என்று சொன்னால் நிறுத்திப் பேசுங்கள். மடிக்கணினிக் காலத்தில் சாதாரண அலுவலக மாடியில் மீட்டர் வைத்தால் 10 வாட்டை ஒட்டித்தான் வரும். பாதுகாப்புக்குக் கொஞ்சம், எதிர்காலத்துக்குக் கொஞ்சம், விற்பனையாளர் சொன்னதால் கொஞ்சம் என்று ஏற்றி ஏற்றி ஆலை இருமடங்காகிவிடும். வாங்கும்போது ஒரு செலவு, ஆயுள் முழுக்கக் குறைசுமையில் ஓட்டும் செலவு வேறு.

விசிறிக்கும் பம்புக்கும் வி.எஃப்.டி. (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) கட்டாயம். விசிறியின் மின்சாரம் வேகத்தின் மும்மடியில் போகும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் 51 சதவீதம். பாதி வேகத்தில் எட்டில் ஒரு பங்கு. கோட்பாட்டுக் கணக்கு, நடைமுறையில் இதைவிடச் சற்று கூடும். ஆனாலும் இந்த மொத்த இழையிலும் இதைவிட மலிவான யூனிட் கிடைக்காது. வி.எஃப்.டி. வாங்கி 50 ஹெர்ட்ஸில், அதாவது முழு வேகத்தில், பூட்டி வைத்திருப்பவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நெறியாளர் என்னைத் தடை செய்துவிடுவார்.

குளிர்நீரை 6 டிகிரியில் அனுப்பி 12இல் திரும்ப வாங்க வடிவமைப்பார்கள். ஓடும்போது பார்த்தால் 8இலேயே திரும்பும். "லோ டெல்டா-டி", அதாவது போகும் நீருக்கும் திரும்பும் நீருக்கும் வெப்ப வித்தியாசம் போதவில்லை. குளிர்விக்கும் சுருள்குழாயில் அழுக்கு, குளிர்நீரைப் பயன்படாமலே திருப்பிவிடும் மூவழி வால்வு, தவறாகச் சரிசெய்த ஓட்டம், ஏதோ ஒன்று. பம்ப் மூன்று மடங்கு தண்ணீரைத் தள்ளும், குளிர்ச்சி அதேதான்.

கட்டடவியல்_மாணவி

ஒரு சந்தேகம். இவ்வளவும் சான்றிதழில் வராதா? பிளாட்டினம் வாங்கிய கட்டடம் தானாகவே சிக்கனமாகத்தானே இருக்கும்?

வாடகைப்பக்கம்

இங்கே நான் நுழைகிறேன். வாடகைதாரர்களுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில்.

நியூயார்க்கில் 2009இல் ஒரு சட்டம் வந்தது, பெரிய கட்டடங்கள் தங்கள் மின்-எரிபொருள் செலவை வருடாவருடம் அறிவிக்க வேண்டும். 2012இல் எனர்ஜி ஸ்டார் (அமெரிக்க அரசின் எரிசக்திச் சிக்கன அளவீடு) மதிப்பெண்கள் வெளிவந்தபோது எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். 1930இன் கிரைஸ்லர் கட்டடம் நூற்றுக்கு 84. 1931இன் எம்பயர் ஸ்டேட் 80. லீட் (அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் முறை) தங்கச் சான்றிதழோடு 2006இல் திறந்த 7 வேர்ல்ட் டிரேட் சென்டர் 74, சிக்கனக் கட்டடம் என்று சொல்லிக்கொள்ள வேண்டிய 75க்கு ஒன்று குறைவு. கண்ணாடிக் கோபுரங்களின் தாய்வீடான சீக்ரம் கட்டடம் 3. முப்பது இல்லை, மூன்று.

லீட் சான்றிதழ் பெரும்பாலும் வடிவமைப்பின் மேல் கொடுப்பது, கணினியில் போட்ட மாதிரிக் கணக்கு என்ன சொன்னதோ அதன் மேல். ஓட்டத்துக்கென்று தனிச் சான்றிதழும் இருக்கிறது, ஆனால் கல்வெட்டில் பொறிப்பது முதலாவதைத்தான். ஆஸ்திரேலியாவில் நேபர்ஸ் என்று 1998இலிருந்து ஒரு முறை. பன்னிரண்டு மாத மீட்டர் கணக்கைப் பார்த்த பிறகுதான் நட்சத்திரம், ஆறு வரை. கட்டுவதற்கு முன்பே "இத்தனை நட்சத்திரம் எடுத்துக் காட்டுவேன்" என்று ஒப்பந்தம் போடும் வழியும் உண்டு. 2010இலிருந்து பெரிய அலுவலகத்தை விற்கவோ வாடகைக்கு விடவோ அதை அறிவித்தே ஆக வேண்டும். அங்கே கட்டடத்தின் பொதுச் செலவுக்குத் தனி மதிப்பு, வாடகைதாரர் மாடிக்குத் தனி மதிப்பு. அந்தப் பிரிப்பில்தான் உயிர் இருக்கிறது.

வரைபலகை

கொஞ்சம் நியாயமாகவும் பேசுங்கள். அதே நியூயார்க்கில் ஒன் பிரையன்ட் பார்க், லீட் பிளாட்டினம், சொந்த மின் நிலையம், இரவில் பனிக்கட்டி செய்து பகலில் குளிர்விக்கும் தொட்டிகள். அப்படியும் செலவு அதிகம் என்று எல்லாரும் அடித்தார்கள். உள்ளே இருப்பது பங்கு வர்த்தகத் தளங்கள். மேசைக்கு நாலைந்து திரை, அணையாத கணினிகள். அதற்குக் கட்டடக் கலைஞர் என்ன செய்வார்?

வாடகைப்பக்கம்

ஒன்றும் செய்ய முடியாது, சரிதான். அதனால்தான் வாடகை ஒப்பந்தத்தைப் பேசச் சொல்கிறேன். நல்ல கண்ணாடிக்குப் பணம் போடுபவர் உரிமையாளர், குறைந்த கட்டணத்தை அனுபவிப்பவர் வாடகைதாரர். கட்டணம் வாடகையோடு சேர்ந்தே போய்விட்டால் விளக்கை அணைக்க வாடகைதாரருக்கு என்ன அவசியம்? இருவருக்கும் ஆர்வமிருக்காது.

வின்னிபெக்கில் மனிடோபா ஹைட்ரோ பிளேஸ் ஏன் அவ்வளவு தூரம் போக முடிந்தது? 22 மாடி, 2009. குளிர்காலத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே 35 போகும் ஊர். 115 மீட்டர் உயரச் சூரியப் புகைபோக்கி காற்றைத் தானாக இழுக்கிறது, நிலத்தடியில் 280 துளைகள் வெப்பத்தை வாங்கித் திருப்பித் தருகின்றன, தெற்குப் பக்கம் ஆறாறு மாடி உயரக் கண்ணாடி முற்றங்கள் குளிர்காற்றை உள்ளே வரும் முன்பே சூடாக்குகின்றன. கட்டியவரும் குடியிருப்பவரும் அதே மின் நிறுவனம். போட்ட பணம் அவர்கள் பைக்கே திரும்புகிறது. உங்கள் கோபுரத்தில் பாதி அப்படி, பாதி இல்லை. மேல்பாதிக்கு மாடிவாரி மீட்டரும், அதன்படி தனிக் கட்டணமும் கட்டாயம்.

முகப்புப்பணி

எம்பயர் ஸ்டேட் பெயர் வந்ததால் ஒன்று. அதில் 6,514 ஜன்னல்கள். புதுப்பித்தபோது கண்ணாடியைத் தூக்கியெறியவில்லை. அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு மாடியில் பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளைப் பிரித்து, நடுவில் படலமும் வாயுவும் வைத்து மறுபடி பொருத்தினார்கள். உள்ளே வரும் வெப்பம் குறைந்ததால் சில்லர்களைப் பெரிதாக்காமல், இருந்ததையே புதுப்பித்தால் போதும் என்றாயிற்று. அந்த மிச்சமே ஜன்னல் செலவில் ஒரு பகுதியைத் தாங்கியது. மொத்தத்தில் 38 சதவீதம் குறைப்பு, வருடத்துக்கு 44 லட்சம் டாலர் என்று திட்டமிட்டார்கள். முதலில் வெளிச்சுவர், அப்புறம் விளக்கு, கடைசியில் சில்லர். இந்த வரிசையை மாற்றினால் பெரிய சில்லரை வாங்கிவிட்டுப் பிறகு நல்ல கண்ணாடி போடுவீர்கள்.

கட்டடவியல்_மாணவி

அப்படியானால் புதிதாகக் கட்டுவதைவிடப் பழையதைச் சரிசெய்வதே மேல் அல்லவா? நியூயார்க்கில் 270 பார்க் அவென்யூவில் 52 மாடிக் கட்டடம், லீட் பிளாட்டினம் அளவுக்குப் புதுப்பித்து, சில வருடங்களில் இடித்துவிட்டார்களே. அந்த இரும்பும் கான்கிரீட்டும் தயாரித்ததில் வெளியேறிய கரிமம் எந்த மீட்டரில் வரும்?

வரைபலகை

எந்த மீட்டரிலும் வராது. உண்மையான குறை அது. மேல்தளம் சாருக்கு மனை காலியாக இருந்தால் இந்தக் கேள்வி எழாது, பழைய கட்டடம் நிற்கிறது என்றால் முதல் கேள்வியே இதுதான்.

மேல்தளம்

மனை காலி. வாகன நிறுத்துமிடமாக இருந்தது.

சரி, ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது? "பிளாட்டினம் வாங்கித் தர வேண்டும்" என்பதற்குப் பதிலாக "வருடத்துக்கு இத்தனை யூனிட்டுக்குள்" என்று எழுதினால் ஒப்பந்ததாரர் ஒத்துக்கொள்வாரா?

இரவுப்பணி

முழுக் கட்டடத்துக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார், ஒத்துக்கொண்டால் பயப்படுங்கள். வாடகைதாரர் என்ன செருகுவார் என்பது அவர் கையில் இல்லை. பொதுச் செலவை மட்டும் பிரித்து எழுதுங்கள்: குளிர்விப்பு ஆலை, காற்றோட்டம், லிஃப்ட், பொது விளக்கு, பம்ப். ஆலைக்குத் தனி இலக்கு, ஒரு டன் குளிர்ச்சிக்கு எத்தனை கிலோவாட் என்று. சில்லர் மட்டுமல்ல, பம்பும் கூலிங் டவரும் சேர்த்து. சில்லரை மட்டும் சொல்லி 0.6 என்று காட்டுவார்கள், மொத்த ஆலை 1ஐத் தொட்டிருக்கும். மாடிகள் முக்கால்வாசி நிரம்பிய பிறகு பன்னிரண்டு மாதம் அளந்து, அதுவரை ஒரு தொகையை நிறுத்தி வையுங்கள். கமிஷனிங்கும், அதாவது எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வதும், ஒரு தடவை போதாது. கோடையில் ஒரு முறை, குளிர் மாதத்தில் ஒரு முறை.

லிஃப்ட் பற்றி யாரும் பேசவில்லை, பேச அதிகமில்லை. இறங்கும்போது மின்சாரத்தைத் திருப்பித் தரும் டிரைவ் கேளுங்கள், மேலே போங்கள்.

மேல்தளம்

மீட்டர்கள் சரியாகக் காட்டுகின்றன என்பதை யார் உறுதி செய்வது?

இரவுப்பணி

உபமீட்டர்களின் கூட்டலும் பிரதான மீட்டரும் ஒத்துப்போக வேண்டும். சில சதவீத வித்தியாசம் பரவாயில்லை. பத்து, பதினைந்து என்றால் எங்கோ சி.டி. (மின்னோட்டத்தை அளந்து மீட்டருக்குச் சொல்லும் வளையம்) தலைகீழாக மாட்டியிருக்கிறது, இல்லை ஒரு மாடி கணக்கிலேயே இல்லை. கட்டடத்தை ஒப்படைக்கும் முன் ஒரு மாதக் கணக்கை நேர் பார்க்கச் சொல்லுங்கள். ஃபால்ஸ் சீலிங் மூடியபின் தேடுவது நரகம். மின்வேலை டெண்டர் போவதற்கு முன்பே மீட்டர் பட்டியலைச் சேர்த்துவிடுங்கள், பிறகு கேட்டால் "கூடுதல் வேலை" என்று தனி பில் வரும்.

மேல்தளம்

எழுதிக்கொண்டேன். காற்றாலைக்கு ஒதுக்கியதை நிழல்தட்டுக்கும், மீட்டர்களுக்கும், தனிச் சின்னக் குளிர்விப்புக்கும் மாற்றச் சொல்லி அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். சூரியத் தகடு இருக்கட்டும். கருவிச் சுமையை ஆலோசகரிடம் கேட்டேன், 45 வாட் என்கிறார்.

குளிர்நீர்க்குழாய்

நான் சொல்லவில்லையா! உங்கள் பழைய அலுவலகத்தில் ஒரு மாடியின் பிளக் சர்க்யூட்டில் மீட்டரை மாட்டி, வந்த எண்ணை அவர் மேசையில் வையுங்கள். வாக்குவாதமே வேண்டாம்.

வரைபலகை

வெயில் படாத பக்கத்திலாவது கண்ணாடியை அப்படியே விட்டுவையுங்கள் சார்.

மேல்தளம்

அது இருக்கும். காற்றாலை எங்கே போயிற்று என்று எங்கள் தலைவர் கேட்டால், உங்களைத்தான் பேச அழைப்பேன்.